எச்சம்

கடலூரில் பாறை கிடையாது.
கேப்பர் மலைகூடப் பேருக்குத்தான் மலை, செம்மண் மேடு.
தோண்டினால் மணல், அதற்கும் கீழே தண்ணீர்.
அதனால்தான் எனக்குப் பிழைப்பு.

கெடிலக்கரைப் பூங்காவில்
நீர்நாய் இரண்டுக்கு ஒரு மலை வேண்டுமாம்.
கிள்ளைப் பக்கம் இறால் குட்டையில் வலையில் சிக்கியவை.
ஆணுக்கு முன்காலில் இரண்டு விரல் இல்லை,
ஆற்றில் விட்டால் பிழைக்காது என்றார்கள்.
ஒப்பந்தத்தில் இப்படி:
பன்னிரண்டு அடி, அருவியுடன்,
செயற்கையாகத் தெரியக்கூடாது.

நானும் ஆரோக்கியசெல்வியும் பஸ் ஏறிச் செஞ்சி போனோம்.
அடிவாரத்தில் ஆளில்லாத பாறை ஒன்றுக்கு
ரப்பர் பால் பூசினோம், பூச்சுக்கு மேல் பூச்சு,
ஒவ்வொன்றும் காயும்வரை பிஸ்கட் தின்றோம்.
உரித்தபோது
வெடிப்பு, வரி, அம்மைத் தழும்பு,
ஓர் எறும்பு,
எல்லாம் கையோடு வந்தன.
சுருட்டிச் சாக்கில் திணித்தோம்.
என்னம்மா அது என்றார் நடத்துநர்.
பாறைத்தோல் என்றேன்.
சிரிக்காமல் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

கம்பி வளைத்து, கோழிவலை கட்டி,
கலவை அடித்து மலையை நிற்கவைத்தோம்.
உள்ளே காற்றும் ஒரு குழாயும்
மூன்று குதிரைத்திறன் மோட்டாரும்.

வெடிப்பு எங்கே விழவேண்டும் என்பதுதான் பாடு.
நிஜப் பாறைக்கு அந்த யோசனை இல்லை,
வெயிலும் மழையும் மாறி மாறி இழுக்க
தோற்ற இடத்தில் பிளக்கும்.
நான் கரணையோடு நின்று
தோற்பதற்கு ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தேன்.
கலவை இறுகிக்கொண்டிருந்தது.

துருநிறத்துக்கு அன்னபேதிக் கரைசல்.
நிழல் விழும் பக்கம் டீ டிகாஷன்.
பாசி பிடிக்கப் புளித்த மோர்.
குளத்தோர விளிம்பில்
சுண்ணாம்பைப் பிரஷில் தொட்டு உதறினேன்:
கொக்கு எச்சம்.
"இதுக்கும் பில்லு போடுவியாக்கா?"
போட்டேன், 'இதர வேலைகள்' என்று.

பொறியாளர் இளந்திரையன் சுற்றி வந்து கேட்டார்,
"செல்ஃபி எந்தப் பக்கம்?"
இரை போடும் ஜெயக்கொடி
வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்,
"அதுங்க ஒளிஞ்சிக்க எங்கே?"

வரைபடத்தை விரித்தேன்.
பார்க்கிறவர் நிற்க நான்கு இடம் குறித்திருந்தேன்.
பார்க்கப்படாமல் இருக்க
ஓர் இடமும் இல்லை.

மறுநாள் சுத்தியல்.
செஞ்சியிலிருந்து வந்த மடிப்பு,
என் கை செய்ததிலேயே நல்லது,
அங்கேதான் பொந்துக்கு வசதி.
ஆரோக்கியசெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
உள்ளே போய் வளையும் பொந்து,
கண்ணாடியில் மூக்கை அழுத்தினாலும்
இருட்டுதான் தெரியும்.

திறப்பு விழாவில் அருவி விழுந்தது. கைதட்டினார்கள்.
நீர்நாய்கள் வரவில்லை.
நாலு நாள் போன்:
"மலை இருக்கு, அருவி இருக்கு, நாய் எங்கம்மா?"
ஜெயக்கொடி மட்டும் சொன்னாள்,
"ஆறு மணிக்கு வா, மோட்டாரை நிறுத்துவேன்."

எந்த மலையும் கண்டிராதது அது,
அருவி அணைவது.
மேலேயிருந்து நீர் அறுந்து
கடைசித் துண்டு விழுந்தது.
அப்புறம் சொட்டு. துறைமுகப் பக்கம் ஒரு விசைப்படகு.
பொந்தில் மீசை.
மூக்கு.
பெண்தான் முதலில் வந்தது.
அன்னபேதியை முகர்ந்தது, மோரை முகர்ந்தது,
சிமெண்டில் கொஞ்சம் நின்றது.
எந்தப் பொறியாளர் முன்னும்
நான் இப்படி மூச்சடக்கி நின்றதில்லை.
விளிம்பேறி
என் சுண்ணாம்புக்கு நேர் மேலே
வாலைத் தூக்கிக் குந்தியது:
கரும்பச்சையாய்,
மீன்செதில் மின்ன,
நாறிக்கொண்டு.

"இடம் புடிச்சிருச்சு" என்றாள் ஜெயக்கொடி.

காலையில் இளந்திரையன்.
பாறையில் அசிங்கம், ஆள் அனுப்பிக் கழுவணும்.
பத்து சதவீதம் பாக்கி அவர் கையில்.
"கழுவினா கலர் போயிடும் சார்" என்றேன்.

அன்னபேதி ஏறிய கறை
எந்தத் தண்ணீருக்கும் போகாது.
அவருக்கு அது தெரியாது.